கடலூரில் வறட்சி, சிதம்பரத்தில் வெள்ளம்

என் குறட்டையைப் பற்றி மஞ்சக்குப்பத்தில் பல கதைகள் உலவுகின்றன. எல்லாமே உண்மை. ஒரு ஐப்பசி மாதம் நான் மல்லாந்து படுத்துத் தூங்கியதைக் கேட்டுவிட்டுத் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றினார்கள் என்று பக்கத்துத் தெருவில் சொல்கிறார்கள். தவறு. ஏற்றியது ஐந்தாம் எண். கெடிலம் பாலத்தில் போகிற லாரிக்காரர்கள், பின்னால் பெரிய வண்டி வருகிறதென்று நினைத்து எங்கள் தெருப் பக்கம் வந்ததும் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

நான் கொளஞ்சி. வீராணம் ஏரியில் மதகு, மடை, வாய்க்கால் என்று தண்ணீரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த மதகை எத்தனை விரற்கடை தூக்கினால் எந்த ஊர் வயலில் தவளை கத்தும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் தூக்கத்தில் என்னிடம் எதையும் கேட்க முடியாது என்பதுதான் பிரச்சினை.

என் மனைவி ஞானாம்பாள் இந்தக் குறட்டைக்கெல்லாம் அசைகிறவள் அல்ல. கல்யாணம் ஆன நாளிலிருந்து அதையே தாலாட்டாகக் கேட்டுத் தூங்கிப் பழகியவள். அவளைக் கலங்கடித்தது வேறு. "நீங்க கொறட்ட வுட்டா நான் பாட்டுக்குத் தூங்கிடுவேன். நடுவுல டக்குனு நிக்குது பாருங்க, மறுபடி எப்ப வரும்னு மூக்குக்குக் கீழ கைய வெச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கேன்" என்றாள். அப்படி எத்தனை காலமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று அவள் சொல்லவில்லை. அவள் முகமே சொன்னது. பகலில் தோசைக்கல் முன்னால் நின்றபடியே தூங்கினாள். ரேஷன் கடை வரிசையில் தூங்கி, தன் முறை வந்தும் நகராமல் நிற்க, பின்னால் நின்றவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கடைசியில் ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு சிதம்பரத்தில் இருக்கும் தங்கை விருத்தாம்பாள் வீட்டுக்குப் போய்விட்டாள். கோபமாகப் போகவில்லை. அதுதான் எனக்கு உதைத்தது. டாக்டரைப் பார்த்து, வேண்டியதைச் செய்து, அவள் கண் முன்னாலேயே மூச்சு நிற்காமல் தூங்கிக் காட்டினால் திரும்பி வருவாளாம். இல்லாவிட்டால் அங்கேயேதான்.

டாக்டர் என் உடம்பெல்லாம் ஒயரை ஒட்டி ஒரு ராத்திரி படுக்கவைத்துப் பார்த்தார். தூங்கும்போது தொண்டை மூடிக்கொள்கிறது, அதனால் மூச்சு நின்று நின்று வருகிறது, சிபேப் மெஷின் வேண்டும் என்றார். ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய், முனையில் மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு மூடி. பெட்டி ராத்திரி முழுக்கக் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும், தொண்டை திறந்தே இருக்கும். மாட்டிய முதல் ராத்திரியே குறட்டை நின்றது. தெருநாய்கள் திகைத்துப்போய் எங்கள் வாசலில் கூடி நின்றன.

குறட்டை போயிற்று, வறட்சி வந்தது. காலையில் எழுந்தால் வாய், தண்ணீர் வற்றிய வைகாசி மாத வீராணம். நாக்கு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கொஞ்சம் அசந்திருந்தால் ஆடு மேய்க்க வந்திருப்பார்கள். மூக்குக்குள் அப்பளம் பொரிந்தது. பால்காரரிடம் அரை லிட்டர் என்று சொல்ல வாய் வராமல் கையால் காட்டியதில் அவர் ஒன்றரை ஊற்றிவிட்டுப் போனார். கடலோரத்து ஊரில், துணி காயாத மழைக்காலத்தில், இந்த ஜில்லாவிலேயே காய்ந்துபோன ஒரே இடம் என் வாய்தான்.

மெஷினுக்குப் பக்கவாட்டில் தண்ணீர் ஊற்ற ஒரு டப்பா இருக்கிறது. காற்று அதன் வழியாகப் போனால் ஈரமாக வரும். மெஷினைக் கொடுத்த கடையில் காயத்ரி என்கிற பெண், அதில் என்ன தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று விளக்கமாகச் சொன்னது. அந்த நேரத்தில் நான் மெஷினில் எரிகிற பச்சை விளக்கை ரசித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தேன். எங்கள் வீட்டில் யாரும் வெறும் தண்ணீர் குடிப்பதில்லை. சீரகமும் வெட்டிவேரும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர்தான். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கே அதைத்தான் கொடுக்கிறோம். இத்தனை வருஷம் எனக்காக உழைத்த நுரையீரலுக்கு வெறும் தண்ணீரா கொடுப்பது? மணக்க மணக்க ஒரு சொம்பு கொதிக்கவைத்து, வடிகட்டி, டப்பாவில் ஊற்றினேன். போதாது என்று ஒரு சிட்டிகை ஓமமும்.

அன்றைக்கு ராத்திரி கனவில் எனக்கு வரிசையாகக் கல்யாணங்கள். ஒவ்வொரு பந்தியிலும் ரசம். இலை போடுவார்கள், ரசம் ஊற்றுவார்கள், இலையை எடுத்துவிடுவார்கள், மறுபடி ரசம். பசியோடு விழித்தேன். அடுத்தடுத்த நாட்களில் சீரகம் போதாமல் வெட்டிவேரைக் கூட்டினேன். கொஞ்ச நாளில் டப்பாவின் அடியில் பழுப்பாக ஒரு வழவழப்பு ஏறியது. தொண்டை கரகரத்தது. இருமினால் வெட்டிவேர் வாசம் வந்தது.

மெஷினைத் தூக்கிக்கொண்டு காயத்ரியிடம் போனேன். அந்தப் பெண் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து, மறுபடி டப்பாவைப் பார்த்தது.

"சார், கொஞ்சம் கொத்தமல்லியும் தூவியிருக்கலாம்."

பிறகு இடி மாதிரி விளக்கம். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். மூலிகை, தைலம், பன்னீர் எதுவும் கூடாது. வயிற்றுக்கு நல்லதெல்லாம் நுரையீரலுக்கு நல்லதில்லை. மிச்சத் தண்ணீரைத் தினமும் காலையில் கொட்டிவிட்டு, டப்பாவை லேசான சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைக்க வேண்டும். நான் பணிவாகத் தலையாட்டினேன். மெடிக்கலில் போய் டிஸ்டில்டு வாட்டர் கேட்டபோது கடைக்காரர் வீட்டில் இன்வெர்ட்டரா என்று கேட்டார். இல்லை, எனக்குத்தான் என்றேன். பாட்டிலை நீட்டிவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

அப்படியும் வாய் காய்ந்தது. மெஷினில் ஈரத்தைக் கூட்டிக் குறைக்கிற எண்ணைக் கடைசி வரைக்கும் கூட்டிவைத்தேன். அப்போதும் காய்ந்தது. காயத்ரி மெஷினில் பதிவானதைப் பார்த்து, நான் தூக்கத்தில் வாயைத் திறந்துவிடுகிறேன், மூக்கு வழியாகப் போகிற காற்றெல்லாம் வாய் வழியாக வெளியே ஓடுகிறது, அதனால்தான் வறட்சி என்று சொன்னது. மடை உடைந்து கிடக்கும்போது மதகைத் தூக்கி என்ன பிரயோஜனம், எனக்குத் தெரியாததா. விழித்திருக்கும்போதே வாயை மூடத் தெரியாதவன், தூக்கத்தில் எப்படி மூடுவேன்? தாடையைத் தாங்கிப் பிடிக்க ஒரு பட்டை இருக்கிறதாம், அதுவும் ஒத்துவராவிட்டால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க் இருக்கிறதாம். பட்டைக்குச் சொல்லிவைத்தது. வருகிறவரைக்கும் நானாக எதையும் எடுத்துக் கட்டிக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னது. அதையும் நான் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டேன்.

பட்டை வரும்வரை எனக்குப் பொறுமை இல்லை. ஞானாம்பாள் இல்லாத வீட்டில் சுவர்க்கடிகாரம்கூட என்னிடம் பேசுவதை நிறுத்தியிருந்தது. மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன்.

விருத்தாம்பாளின் கணவர், என் சகலை தேவநாதன், அப்போதுதான் படுக்கையறையில் ஏசி போட்டிருந்தார். பதினாறு டிகிரிக்கு மேல் அதை வைப்பது அவருடைய அந்தஸ்துக்கு இழுக்கு. அந்த அறையில் அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு, போர்வைக்குள் நடுங்கியபடி ஆனந்தமாக வாழ்ந்துவந்தார். வாசலைத் தாண்டினால் சிதம்பரம், அறைக்குள் போனால் இமயமலை.

போன அன்று மத்தியானமே பரீட்சை. பிளக் பாயிண்ட் மேலே இருந்ததால் மெஷினை என் தலைக்கு மேலே இருந்த பரணில் வைத்தார் தேவநாதன். ஈரம் கடலூர்க் கணக்கிலேயே முழுசாக இருந்தது. ஞானாம்பாள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நான் கண்ணை மூடினேன். கொஞ்ச நேரத்தில் குழாய்க்குள் சோடா உடைக்கிற மாதிரி களக் களக் என்று சத்தம். அப்புறம் திறந்தது மதகு. தேக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே பாய்ச்சலாக என் மூக்குக்குள். கொள்ளிடத்துக் கீழணையைக் கட்டியவர்களே பார்த்திருக்காத வெள்ளம். இருமித் தும்மி எழுந்து, மாஸ்க்கைப் பிய்த்து எறிந்து, தேவநாதனின் போர்வையில் முகத்தைத் துடைத்தேன். ஒரு வாளி தண்ணீராவது இருக்கும். ஒரு ஸ்பூன்தான் என்று விருத்தாம்பாள் இன்றுவரை பொய் சொல்கிறாள்.

நான் சிரித்துக்கொண்டேதான் திரும்பினேன். ஞானாம்பாள் சிரிக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"நிக்கிறதப் பாத்தாச்சு. இப்ப மூழ்கறத வேற பாக்கணுமா? என்னால முடியாதுங்க. நீங்க ஊருக்குப் போங்க. நான் இங்கயே இருந்துக்கறேன்."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இன்னும் ஒரே ஒரு தடவை பார் என்று அடுப்படிக் கதவிடம் மன்றாடினேன். விருத்தாம்பாளும் என் பக்கம் பேசினாள். ராத்திரி சாப்பாட்டின்போதுதான், நாளைக்கு ஒரு தடவை, அதோடு சரி என்று ஞானாம்பாள் குழம்பை ஊற்றியபடி சொன்னாள்.

காயத்ரிக்குப் போன் போட்டேன். சில்லென்று இருக்கிற பாட்டிலுக்கு வெளியே வியர்க்கிற மாதிரிதான் இதுவும் என்றது. வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த குழாய்க்குள் போனால் தண்ணீராக மாறிவிடும். அதனால் அறைக் குளிரைக் குறைக்க வேண்டும், ஈரத்தின் எண்ணை இறக்க வேண்டும், குழாய்க்குத் துணி சுற்ற வேண்டும். மெஷினைக் கட்டிலை விடத் தாழ்வாக வைக்க வேண்டும், அப்போதுதான் குழாயில் தண்ணீர் சேர்ந்தாலும் பெட்டிக்கே திரும்பிப் போகும். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் என்பதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். அதை எனக்குப் போனில் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

ஏசியை இருபத்தாறு டிகிரியில் வைக்க வேண்டும் என்று நான் சொன்னதும் தேவநாதன் சொத்தில் பங்கு கேட்ட மாதிரி பார்த்தார். "அதுக்கு எதுக்குண்ணே ஏசி, ஜன்னலத் தொறந்து வெச்சா போதாதா" என்றார். நல்ல யோசனை என்று கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்து ஜன்னலைத் திறந்துவைத்தோம். அவருடைய மஃப்ளரை விருத்தாம்பாள் குழாயில் சுற்றிவிட்டாள். மெஷின் தரையில் ஒரு மணை மீது உட்கார்ந்தது. ஈரம் நடுவாந்திரத்துக்கு இறங்கியது. மறுநாள் மத்தியானம் அவர்கள் இரண்டு பேரும் அண்ணாமலை நகரில் ஒரு வளைகாப்புக்குக் கிளம்பிப் போனார்கள். கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போனது பிறகுதான் தெரிந்தது.

ஞானாம்பாள் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் தூங்கினேன். வெள்ளமும் இல்லை, களக் களக்கும் இல்லை. ஆற்றுத் தண்ணீர் சீராகப் போகிற மாதிரி மூச்சு போயிற்று.

எவ்வளவு நேரமோ, வாய் காய்ந்து விழிப்பு வந்தது. வழக்கம்போல வாய் திறந்திருந்தது. திரும்பிப் பார்த்தேன், நாற்காலியில் ஆளில்லை. கீழே பாயில் படுத்திருந்தாள். அவள் கை கட்டில் சட்டத்தைப் பிடித்தபடியே இருந்தது. அப்படி ஒரு தூக்கம். நெற்றியில் ஒரு ஈ உட்கார்ந்து, ஊர்ந்து, புருவத்தில் குடும்பமே நடத்தியது, அவள் அசையவில்லை. அவள் தூங்கி எத்தனை மாதம் ஆயிற்றோ.

மாஸ்க்கைக் கழற்றினால் காற்று பஸ் பிரேக் மாதிரி 'புஸ்' என்று சீறும், அவள் எழுந்துவிடுவாள். கழற்றாவிட்டால் வாய் காய்ந்து இருமல் வரும், அப்போதும் எழுந்துவிடுவாள். வாயை மூடிவைக்க ஒரு வழி வேண்டும். கைக்கெட்டிய தூரத்தில் என் வெள்ளைத் துண்டு இருந்தது. நீளவாக்கில் மடித்து, தாடைக்கு அடியில் கொடுத்து, இரண்டு நுனியையும் உச்சந்தலைக்குக் கொண்டுபோய் முடிச்சுப் போட்டேன். வாய் கச்சிதமாக மூடிக்கொண்டது. ஜன்னல் காற்றுக்கு வேட்டியைக் கழுத்துவரை இழுத்து, கையிரண்டையும் நெஞ்சில் கோத்துக்கொண்டு, மறுபடி தூங்கிப்போனேன். நம் ஊரில் ஒருவருக்குத் தாடையோடு சேர்த்து அப்படி வெள்ளைத் துணி கட்டினால் அதற்குப் பெயர் நாடிக்கட்டு, கட்டப்பட்டவர் எழுந்து காபி கேட்பதில்லை என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

சாமிக்கண்ணு மச்சான் வந்தது அப்போதுதான்.

இவர் ஞானாம்பாளுக்குப் பெரியப்பா மகன். காட்டுமன்னார்கோயில்காரர். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவு என்றாலும் முதல் ஆளாக நின்று, பந்தல், ஃப்ரீசர் பெட்டி, மாலை, சங்கு என்று சகலமும் ஏற்பாடு செய்வது அவர்தான். போகிறவர்களே அவரிடம் தேதி கேட்டுக்கொண்டுதான் போவார்கள் என்று பேச்சு. பேரனுக்குக் காதுகுத்து, பத்திரிகை வைக்க வந்திருக்கிறார். சாத்திய கதவைத் தள்ளியிருக்கிறார். கட்டிலில் நான், வெள்ளை வேட்டி, நாடிக்கட்டு. உலகறிந்த என் குறட்டை இல்லை. கீழே பாயில் ஞானாம்பாள், கட்டிலைப் பிடித்த கையோடு.

நான் விழித்தது, அவர் தன் மனைவியிடம் பேசிய போன் குரலில்.

"கொளஞ்சி மாப்ள போயிட்டாருடி. ஆஸ்பத்திரியிலேருந்து குழாயக்கூட கழட்டாம கொண்டாந்து போட்டிருக்காங்க, மஃப்ளர் வேற சுத்தியிருக்கு... இல்லடி, இன்னும் கேளு. ஞானமும் கூடவே போயிடுச்சு. கட்டில வுடல பாரு, புடிச்ச கை புடிச்சபடி. ஆமா, ஜோடியா. ஃப்ரீசர் பாக்ஸ் சொல்லிடு. ரெண்டு வேணாம், பெருசா ஒண்ணு இருக்கான்னு கேளு, பிரிக்க மனசு வரல."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. கத்தாதே மச்சான், அவள் தூங்குகிறாள் என்று சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தேன். துண்டு விடவில்லை. உதடு மட்டும் கொஞ்சம் விலக, உள்ளே இருந்த காற்றெல்லாம் அந்த இடுக்கு வழியாகப் 'பூம்ம்' என்று கிளம்பியது.

"இருடி, இப்பதான் காத்து பிரியுது" என்றார் போனில்.

வேறு வழியில்லாமல் கையைத் தூக்கி, விரலை உதட்டில் வைத்து, உஷ் என்று ஜாடை காட்டினேன். எத்தனையோ பேரைக் கரையேற்றிய சாமிக்கண்ணுவை அதுவரை யாரும் திருப்பி ஜாடை காட்டியதில்லை. போன் ஒரு பக்கம், காதுகுத்துப் பத்திரிகைகள் ஒரு பக்கம் பறந்தன. பின்பக்கமாகவே நகர்ந்து நாற்காலியோடு சரிந்தார். அந்தச் சத்தம் மட்டும் ஆனைக்காரன்சத்திரம் வரை கேட்டிருக்கும்.

ஞானாம்பாள் கண்ணைத் திறந்தாள். முதலில் பார்த்தது என் தலையில் இருந்த முடிச்சை. கத்தவில்லை. எழுந்து முழங்காலிட்டு, மாஸ்க்கின் முன்பக்கத்தில் மூச்சு வெளியேறுகிற துளைகளுக்கு நேராக உள்ளங்கையை நீட்டினாள். காற்று அவள் கையில் சீராக அடித்தது. கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள். நான் கண்ணடித்தேன். அதற்கப்புறம்தான் முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்த்த துண்டாலேயே என்னை இரண்டு சாத்து சாத்தினாள்.

பிறகு தரையில் கிடந்தவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏண்ணே, எத்தினி மாசத்துக்கப்புறம் இன்னிக்கித்தான் கண்ண மூடினேன். அது பொறுக்கலையா ஒனக்கு?"

எல்லாருக்கும் சொல்லிவிட்டேனே தங்கச்சி, வேனில் ஏறியிருப்பார்களே என்று முனகினார் சாமிக்கண்ணு. ஏறித்தான் இருந்தார்கள். சாயங்காலம் தெருமுனையில் ஒப்பாரி கேட்டது. மாலையும் கையுமாக உள்ளே நுழைந்த கூட்டம், நாற்காலியில் உட்கார்ந்து நான் முறுக்கு கடிப்பதைப் பார்த்து அப்படியே நின்றது. ஒரு சின்னம்மா மட்டும் ஆரம்பித்த பாட்டைப் பாதியில் விட மனமில்லாமல், என் பெருமைகளை முழுசாகப் பாடி முடித்துவிட்டுத்தான் காபி டம்ளரை வாங்கினார். எனக்கே தெரியாத பெருமைகள் அதில் இருந்தன. நான் மாஸ்க்கை மாட்டி எல்லாருக்கும் செய்து காட்டினேன். கூட்டத்தில் குறட்டைக்காரர்கள் ஏகப்பட்ட பேர். மனைவிமார்கள் வரிசையில் நின்று காயத்ரியின் நம்பரை வாங்கிப் போனார்கள். வளைகாப்பிலிருந்து திரும்பிய தேவநாதன் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். விஷயம் புரிந்ததும், இத்தனை பேர் மூச்சு விட்டு வீடே சூடாகிவிட்டது என்று ஏசியைப் போடப் போனார்.

கூட்டத்துக்குச் சாதமும் கத்தரிக்காய் கொத்சும் போட்டு அனுப்பிவிட்டு, அடுப்படியைத் துடைத்துக்கொண்டே ஞானாம்பாள் தங்கையிடம் சொன்னாள்: "என் துணிய எடுத்து வையிடி. காலைல கெளம்பறோம்."

அப்புறம் என்னிடம் வந்தாள். பட்டையும் வேண்டாம், ஒரு கட்டும் வேண்டாம், வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க்கையே அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள் என்றாள். காலையில் மெஷினிலிருந்த தண்ணீரை அவளே கொட்டி, டப்பாவைக் கழுவித் துடைத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பாண்டிச்சேரி போகிற பஸ். ஜன்னலோரம் அவள். பரங்கிப்பேட்டை பிரிவு தாண்டுவதற்குள் என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். நான் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவள் மூச்சை எண்ணிக்கொண்டு. கடலூர் பஸ் ஸ்டாண்டு வந்தது. கடலூர்க்காரர்கள் எல்லாரும் இறங்கினார்கள். கண்டக்டர் எங்கள் பக்கம் வந்து, கடலூர் டிக்கெட்தானே சார், இறங்கலையா என்றார்.

நான் விரலை உதட்டில் வைத்தேன். பாண்டிச்சேரிக்கு இரண்டு டிக்கெட் போடச் சொல்லிக் கிசுகிசுத்தேன்.